ஆங்கில வினையடையின் இடம்: 'ஒன்லி' குறித்த ஒரு வழக்கு

  

நம் ஆசிரியர் அறையில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதம்தான் இன்றைய பொருள். ஆங்கில வினையடை தான் தழுவும் சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும் என்பது ஆங்கிலத் துறை நண்பர்கள் கட்சி. 'ஒன்லி' இடம் மாறி வினைக்கு முன் வந்தால் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். அது பிழையே அன்று என்பது என் கட்சி.

ஒரு வாக்கியம்: 'ஷி ஒன்லி கேவ் கண்ணன் டூ மேங்கோஸ்.' நண்பர்கள் கணக்கில் இதற்கு ஒரே பொருள்தான்: கொடுத்தாள், வேறொன்றும் செய்யவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'டூ' மேல் அழுத்தம் விழுந்தால் இரண்டே மாம்பழம். 'கண்ணன்' மேல் விழுந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு இல்லை. 'மேங்கோஸ்' மேல் விழுந்தால் வேறு பழம் கொடுக்கவில்லை. 'ஒன்லி' நின்ற இடத்திலேயே நிற்கிறது. பொருளைப் பிரித்துத் தருவது அழுத்தம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. 'ஷி' என்பதை எவ்வளவு அழுத்தினாலும் 'அவள் மட்டுமே கொடுத்தாள்' என்ற பொருள் வராது. அதற்கு 'ஒன்லி' எழுவாய்க்கு முன் வந்தாக வேண்டும். வினைக்கு முன் நிற்கும் 'ஒன்லி'க்கு வினையும் அதன் பின் வருவதும் உட்பட்டவை, எழுவாய் உட்பட்டதன்று. உண்மையான விதி இதுதான்.

நண்பர்கள் எப்போதும் காட்டும் சான்று ரென்-மார்ட்டின் இலக்கணம். ஒட்டி நிற்க வேண்டும் என்பதைப் பொது விதியாகச் சொல்லும் அந்நூலே, பேச்சில் 'ஒன்லி' வினைக்கு முன் வருவது வழக்கம் என்றும், அழுத்தத்தால் பொருள் விளங்கும் என்றும் தொடர்ந்து சொல்கிறது. வகுப்பில் முதல் பாதியை மட்டும் நடத்துகிறோம். ஆங்கில வழக்கு பற்றி 1926இல் வெளிவந்த தம் நூலில் ஃபவுலரும், 'ஒன்லி' வினைக்கு முன் வருவதைக் குற்றம் சொல்பவர்களை எதிர்த்தே எழுதினார்.

பிறகு ஏன் இந்த விதி நமக்கு இவ்வளவு இயல்பாகப் படுகிறது? தமிழில் 'மட்டும்', 'தான்' இரண்டும் தாம் வரையறுக்கும் சொல்லின் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். 'இங்கேதான் இருக்கிறேன்' என்று நினைப்பவர் 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்கிறார். நம் காது பழகிய ஒழுங்கை ஆங்கிலத்தின் இலக்கணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம் என்றே கருதுகிறேன்.

ஒப்பந்தம், சட்டம் போன்ற எழுத்தில் அழுத்தம் கேட்காது. அங்கே ஒட்டி வைப்பதே நல்லது. அதில் எனக்கு மறுப்பில்லை.

மற்ற வினையடைகளைச் சுருக்கமாகவே தொட முடிகிறது. 'ஃப்ராங்க்லி' என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்தச் சொல் வினையைத் தழுவவில்லை. சொல்பவர் தம் கூற்றைப் பற்றிச் சொல்வது அது. 'ஹோப்ஃபுலி'யும் இத்தகையதே. மொழியியலாளர் கிரீன்பாம் 1969இல் இவற்றை ஆராய்ந்தார். 1985இல் அவரும் குவர்க், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோரும் சேர்ந்து எழுதிய பேரிலக்கணம் வினையடைகளின் பணிகளை நான்காக வகுத்தது. 'வினைக்கு அடை' என்ற பள்ளி வரையறை இவற்றுக்குப் போதாது.

இனி நடக்க வேண்டியவை: 'ஈவன்', 'ஆல்சோ' இரண்டையும் இதே முறையில் சோதிக்கலாம். நம் மாணவர்கள் 'ஒன்லி' வாக்கியங்களைப் படிக்கும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என ஒலிப்பதிவு செய்து பார்க்கலாம். அதுவரை வினாத்தாளில் 'ஒன்லி' இடம் திருத்தும் கேள்வியை நிறுத்திவைக்குமாறு பாடத்திட்டக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.