முதுகெலும்பில்லாப் பிராணிகளும் குடியானவரும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய பிரசங்கம்)



பூமியில் சஞ்சரிக்கும் பிராணி வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை முதுகெலும்பு இல்லாதவை. மாடு, கோழி, பாம்பு, தவளை, மீன் முதலிய முதுகெலும்புள்ளவை எஞ்சிய சொற்ப பாகமே. ஆயினும் குடியானவர் பலர் இப்பெருங் கூட்டத்தைப் புழு, பூச்சி என்னும் இரண்டு பெயர்களுக்குள் அடக்கி, இரண்டையும் பயிருக்குச் சத்துரு என்று தீர்த்துவிடுகின்றனர்.

ஆதியில் பண்டிதர்களும் ஏறக்குறைய இவ்வாறே செய்தனர். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு நூலில் இவற்றைப் பூச்சி, புழு என்ற இரண்டே வகுப்புகளாக வைத்தார். 1801ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பண்டிதர் லமார்க் அவற்றை ஏழு வகுப்புகளாக்கி, சிலந்தியைப் பூச்சியினின்றும் பிரித்தார். இக்காலத்தில் கடற்பஞ்சுகள், மண்புழுவும் அட்டையும் சேர்ந்த வளையப் புழுக்கள், நத்தையும் சங்கும் முத்துச்சிப்பியும் சேர்ந்த மெல்லுடலிகள், நட்சத்திர மீன் முதலிய முட்தோலிகள், கணுக்காலிகள் என இன்னும் பல பெரும் பிரிவுகள் கூறப்படுகின்றன. இவற்றுள் கணுக்காலிகளே மிகப் பெருங் கூட்டம். அவற்றில் ஆறு கால்களுடையது பூச்சி. எட்டுக் கால்களுடையவை சிலந்தியும் தேளும். நெல் வயலில் சிலந்தி தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்று சம்பளமில்லாக் காவல் செய்கிறது.

இவ்விதப் பாகுபாடு பண்டிதர்க்கே உரியது, ஏர் பிடிப்போர்க்கு இதனால் யாது பயன் என்று கேட்கலாம். சப்பாத்திக்கள்ளியின் சரித்திரம் இதற்கு விடை கூறும்.

கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கப்படும். அச்சாயத்தை விரும்பி 1795ஆம் ஆண்டில் பிரேஸிலிலிருந்து ஒரு பூச்சி இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. வந்தது அப்பூச்சியன்று, அதைப் போன்ற வேறொரு ஜாதி. எதிர்பார்த்த சாயம் கிட்டவில்லை. ஆனால் அது ஒருவகைக் கள்ளியை அழித்தது. அதைக் கண்டு 1863 முதல் 1868 வரை தென்னிந்தியாவிலும் அப்பூச்சி விடப்பட்டது. எனினும் நிலங்களை அடைத்திருந்த மற்றொரு கள்ளி வகையை அது தீண்டவில்லை. 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து அவ்வினத்தின் மற்றொரு ஜாதி வரவழைக்கப்பட்டது. அதன்பின்னரே அக்கள்ளி மடிந்து நிலங்கள் மீண்டன. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பூச்சிகளின் வேற்றுமையே இத்தனை பலன் அளித்தது.

அண்மையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கு இரையாகும் மல்பெரி ஆகியவை பெருஞ்சேதமுற்றன. அது இன்ன ஜாதி என்று நிச்சயமான பிறகே அதற்குரிய எதிரியைத் தேட இயன்றது. 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு குளவிகள் அதை அடக்கின.

இதற்கு மாறாக, அறியாமையால் மித்திரனைக் கொல்வோரும் உளர். பொறிவண்டின் புழு தாய் வண்டைச் சிறிதும் ஒத்திராது. கறுத்து, முள் போன்ற தோற்றத்துடன் அசுவினிக் கூட்டத்தின் நடுவே அது ஊர்வதைக் கண்டவர், அதுவே இலையைக் கெடுப்பதென்று நசுக்கிவிடுகின்றனர். அது அசுவினியைத் தின்னவே அங்கு வந்தது. கண்மூடித் தெளிக்கும் மருந்தோ அசுவினியையும் பொறிவண்டையும் சிலந்தியையும் சேர்த்தே கொல்லும். எஞ்சிய அசுவினி விரைவில் பெருகும். மித்திரர் அவ்வளவு விரைவில் பெருகுவதில்லை. மறுபடியும் மருந்து, மறுபடியும் கடன்.

ஆகையால் சங்க அங்கத்தினர் ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொள்வது நலம். வயலில் புதிய பிராணி கண்டால், அதையும் அது இருந்த இலையையும் ஒரு புட்டியில் இட்டு, விவசாய இலாகா உத்தியோகஸ்தரிடம் காட்டிப் பெயர் அறிதல் வேண்டும். பெயர் தெரியுமுன் மருந்துக்குக் கடன் கேட்பதும் கொடுப்பதும் சங்கத்தின் பணத்தைக் காற்றில் தூவுவதற்கு ஒப்பாகும்.