ஓர் உபாத்தியாயரும் பல வகுப்புகளும்



கிராமத்து ஆரம்பப் பாடசாலையைப் பற்றி ஜனங்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அறையில், சில இடங்களில் ஒரே பாயில், உட்கார்ந்திருக்கிறார்கள்; இதில் படிப்பு எவ்விதம் ஏறும் என்பதே அக்குறை. இதைக் கேட்டு மனங்கலங்கிய தகப்பனார் தம் பிள்ளையை வண்டியேற்றி டவுன் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார். நாலைந்து குடும்பத்தார் அவ்விதம் செய்தால் பாடசாலையின் ஜாபிதா சுருங்குகிறது. ஜாபிதா சுருங்கவே உபாத்தியாயர்களின் தொகையும் குறைகிறது. எஞ்சிய பிள்ளைகள் முன்னிலும் நெருக்கமாக ஒரே அறையில் வந்து சேர்கிறார்கள். எந்தக் குறைக்கு அஞ்சி விலகினார்களோ, அந்தக் குறை அவர்கள் விலகியதனாலேயே பெருகுகிறது. வண்டிச் சத்தம் கொடுக்க இயலாத கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அங்கே கடைசிவரையில் தங்குபவர்கள். ஆகையால் பல வயதுப் பிள்ளைகள் ஓரறையில் கற்கும் முறை எப்படி நடைபெறுகிறது, எங்கே பழுதாகிறது என்பதைச் சங்கத்தார் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இம்முறை எந்த உபாத்தியாயருடைய சோம்பலாலும் ஏற்பட்டதன்று. 2009-ஆம் வருஷத்துக் கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் வரையுள்ள பாடசாலையில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு உபாத்தியாயர்கள். 61 முதல் 90 வரை இருந்தால் மூவர். நாற்பது பிள்ளைகளுள்ள கிராமத்தில் ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கப் பழகியவர்கள் பாடசாலையின் நேரக் கணக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒரு நாளில் பாடம் நடக்கும் நேரம் ஐந்து மணி, அதாவது 300 நிமிஷம், என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து வகுப்புக்கும் தனித்தனியே நான்கு பாடங்கள் நடத்துவதானால் மொத்தம் 20 பாடங்கள். இரண்டு உபாத்தியாயர்களின் நேரம் 600 நிமிஷம். பாடத்துக்கு 30 நிமிஷம் விழும். இதிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 120 நிமிஷம். மீதி 180 நிமிஷமும் உபாத்தியாயர் வேறொரு வகுப்போடு இருக்கிறார். இருவரில் ஒருவர் லீவில் இருந்தாலோ, பயிற்சிக் கூட்டத்துக்குச் சென்றிருந்தாலோ, பாடத்துக்கு 15 நிமிஷந்தான். பிள்ளைக்கு 60 நிமிஷம் போக 240 நிமிஷம் உபாத்தியாயரில்லாத நேரம்.

அந்த 180 நிமிஷத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதிலேதான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுதும்படி சொல்லிவிட்டுப் போனால், அது நேரத்தைக் கழிக்கும் வழியேயன்றிக் கல்வியாகாது. அந்நேரத்தையும் படிப்பாக மாற்றுவதற்கு ஏற்பட்ட உபாயங்களின் தொகுதியே பல வகுப்புப் போதனை எனப்படுவது.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதும் சிறுவனும், ஓலையில் எழுத்தாணி பிடிப்பவனும், எண்சுவடியில் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் சொல்பவனும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். உபாத்தியாயர் ஒருவரே. மேலே கற்றவன் சட்டாம்பிள்ளையாக இருந்து கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-ல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் ஆசிரமத்தை மேற்பார்க்க நியமிக்கப்பெற்ற ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதே முறையைத் தம் ஆசிரமத்தில் புகுத்த விரும்பினார். பெரிய உபாத்தியாயர்கள் இணங்காமற் போகவே, எட்டு வயதுள்ள ஒரு மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். காரியம் பலித்தது. 1797-ல் லண்டனில் அவர் இதைப் புஸ்தகமாக வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த ஊரில் அவருடைய தருமப் பணத்தால் ஏற்பட்ட பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். பல்லாரி கலெக்டராயிருந்த காம்ப்பெல் 1823-ல் எழுதிய அறிக்கையிலும், மேற்படிப்பினர் கீழ்ப்படிப்பினருக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு சிக்கனமானதென்றும், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகுதியே என்றும் புகழ்ந்திருக்கிறார்.

ஆயினும் பழமையென்பதற்காக அதை முற்றும் போற்றிவிடலாகாது. அதே காம்ப்பெல், பிள்ளைகள் தங்களுக்குப் பொருள் விளங்காத செய்யுட்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள் என்றும் எழுதினார். கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ 1822-ல் தொடங்கி 1826-ல் முடித்த கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கோ திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது. பிரம்பு இருந்தவிடத்தில் பாரபட்சமும் இருந்தது. கல்வியைப் பரப்பவேண்டிய ஏற்பாடு சில்லறை அதிகாரமாக மாறுவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. 1929-ல் ஹார்டாக் கமிட்டியார் ஆரம்பக் கல்வியில் விரயமும் தேக்கமும் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டியபோது, ஓர் உபாத்தியாயரே உள்ள பாடசாலைகளையும் குறை கூறினார்கள். அங்கே ஆள் ஒருவர் என்பது மட்டும் குறையன்று. ஐந்து வகுப்புக்கென்று வகுத்த பாடத்திட்டத்தை ஒருவர் கையில் கொடுத்து, அதை ஓரறையில் நடத்தும் வகையைச் சொல்லிக்கொடாமல் விட்டதும் பெருங்குறையேயாகும்.

வகை மூன்று விதமாக ஏற்பட்டிருக்கிறது. முதலாவது, இரண்டு வருஷச் சுற்று. மூன்றாம் நான்காம் வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து, ஒரு வருஷம் மூன்றாம் வகுப்புப் பாடத்தையும் மறு வருஷம் நான்காம் வகுப்புப் பாடத்தையும் இருவருக்கும் நடத்துவது. பூகோளம், சரித்திரம், இயற்கைப் பாடம் இவற்றுக்கு இது ஒத்துவரும். காவேரிக்கு முன் வைகையைப் படித்துவிட்டால் யாதொரு நஷ்டமும் இல்லை. கணிதத்துக்கு இது உதவாது. கூட்டல் அறியாதவன் பெருக்கலுக்குப் போக இயலாதல்லவா?

இரண்டாவது, ஒரே விஷயத்தைப் பல ஆழத்தில் நடத்துவது. சங்கத்துக் கிடங்கில் அடுக்கிய நெல் மூட்டைகளையே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்பார் மூட்டைகளை எண்ணுகிறார்கள். இரண்டாம் வகுப்பார் இரண்டு அடுக்குகளைக் கூட்டுகிறார்கள். மூன்றாம் வகுப்பார் 75 கிலோ மூட்டை 12 இருந்தால் 900 கிலோ என்று பெருக்குகிறார்கள். நான்காம் வகுப்பார் அதற்கு விலை போடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பார், 10,000 ரூபாய் கடனுக்கு 100-க்கு 7 வட்டி வீதம் ஆறு மாதத்துக்கு 350 ரூபாய் என்று வட்டி கட்டுகிறார்கள். உபாத்தியாயர் பேசத் தொடங்கும்போது நாற்பது பேரும் கேட்கிறார்கள். பின்னர் அவரவர் கணக்குக்கு அவரவர் பிரிகிறார்கள். கீழ்வகுப்புக் குழந்தை, தனக்கு அடுத்த வருஷம் வரப்போவதை இப்போதே காதில் வாங்கிக்கொள்கிறது. பல வயதினர் கூடியிருப்பதில் தனி வகுப்புப் பள்ளிக்கு இல்லாத லாபம் இஃதொன்று.

மூன்றாவதே மிக விரிவானது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியின் கிராமக் கல்வி நிலையத்தார், பத்மநாப ராவ், ரமா என்ற இருவருடைய முயற்சியால், சிற்றூர்களில் ஒரே உபாத்தியாயர் உள்ள பள்ளிகளுக்கென்று இதை அமைத்தார்கள். பாடப் புஸ்தகத்தைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் செய்து, அட்டைகளில் பிராணிகளின் உருவங்களை அடையாளமாக இட்டு, சுவரில் ஓர் ஏணிப் படத்தைத் தொங்கவிட்டார்கள். பிள்ளை, தான் ஏணியில் எங்கே நிற்கிறது என்பதைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்கிறது. சென்னைக் கார்ப்பரேஷன் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 முதல் தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு வரையில் பரவியதும் இதனைத் தழுவியேயாகும். உபாத்தியாயரின் முழு உதவி வேண்டுவோர் ஒரு குழு, சிறிது உதவி போதுமென்பவர் ஒரு குழு, தோழர் உதவியால் கற்போர், தானே பயில்வோர் என்று பிள்ளைகள் வட்டமாகத் தரையில் அமர்ந்தார்கள். முன் சொன்ன 180 நிமிஷத்துக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது: உபாத்தியாயர் அருகில் இல்லாத குழுவுக்கும் கையில் ஒரு வேலை இருக்கிறது.

கிராமத்துக்கு இதனால் உண்டாகும் பெரிய அநுகூலம் ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோருடன் சென்ற பிள்ளை, இரண்டு மாதம் கழித்துத் திரும்பினால், சாதாரண வகுப்பில் அதன் கதி முடிந்ததுபோலத்தான். வகுப்பு வெகு தூரம் போய்விட்டிருக்கும். ஏணி முறையில் விட்ட படியிலிருந்தே அது தொடரலாம். வெட்கி நின்றுவிடும் பிள்ளைகளில் பலரை இந்த ஒரு வசதி காப்பாற்றக்கூடும்.

குறையும் இல்லாமலில்லை. அவரவர் வேகத்தில் ஏறலாம் என்ற சலுகை, கவனிப்பாரற்ற இடத்தில், ஏறாமலே இருக்கலாம் என்ற சலுகையாகிவிடும். நாலாவது படியில் ஆடியில் நின்ற பிள்ளை தையிலும் அங்கேயே நின்றால், தவறு பிள்ளையுடையதன்று. அட்டைகள் தொலைந்தும் கிழிந்தும் போன பள்ளியில் ஏணி வெறும் சுவர்ச் சித்திரமாயிற்று. பிள்ளைக்குப் பிள்ளை குறிப்பெழுதும் பாரத்தால் உபாத்தியாயர்கள் களைத்ததும் உண்டு. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பெற்று, 2023-ல் நான்கு ஐந்து வகுப்புகளுக்கும் விரிந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளை அவர்கள் எட்டியுள்ள நிலையைக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். இங்கே விழிப்பு ஒன்று வேண்டும். ஜூன் மாதத்தில் அரும்பாக இருந்த பிள்ளையைப் பெயரே அரும்பென்று ஆக்கிவிடாமல், மொட்டுக்கு எப்போது போயிற்று என்று கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டும்.

பெற்றோரின் ஆட்சேபம் ஒன்று பாக்கியிருக்கிறது. “என் பிள்ளை படிக்கப் போகிறானா, சம்பளமில்லாத உபாத்தியாயர் வேலை பார்க்கப் போகிறானா?” என்று ஐந்தாம் வகுப்புப் பையனின் தகப்பனார் கேட்பது நியாயமே. பிறனுக்குச் சொல்லிக்கொடுப்பவனுக்கே பாடம் நன்றாகப் பதிகிறது என்பது அனுபவத்தில் கண்டது. ஆனால் அதற்கு அளவுண்டு. நாளில் சிறிது நேரமே அவ்வேலை. அதுவும் முறைவைத்து எல்லாரும் செய்யவேண்டும். கெட்டிக்காரன் ஒருவனே தினமும் செய்தால் அவன் படிப்புக் கெடும், மற்றவர் மனம் புண்படும். அழுகிற சிறு குழந்தையைச் சமாதானப்படுத்துவது எப்போதும் ஒரு பெண்பிள்ளையின் வேலையாகவே விழுகிறதா என்றும் பார்க்கவேண்டும். இன்ன தெருப் பிள்ளைக்கு இன்ன தெருப் பிள்ளை சொல்லிக்கொடுக்கலாகாது என்று எவரேனும் முணுமுணுத்தால், அதை அன்றைக்கே அடக்குவது ஊர்ப் பெரியோர் கடமை.

படிப்பின் தராசில் இம்முறை தாழ்ந்ததா என்ற சந்தேகத்துக்கும் விடையுண்டு. ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் சைமன் ஃபேன்மன் பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டி 1995-ல் வெளியிட்ட முடிவு யாதெனில், பல வகுப்பு அறையில் படித்த பிள்ளைகள் தனி வகுப்பில் படித்தவர்களைவிடத் தாழ்ந்துவிடவுமில்லை, உயர்ந்துவிடவுமில்லை என்பதே. அறையின் அமைப்பைக் காட்டிலும் அதில் நடக்கும் போதனையே பெரிது என்று இதனால் ஏற்படுகிறது.

இனிச் சங்கத்தார் செய்யத்தக்கது. மேற்படி 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வோர் அரசாங்கப் பள்ளிக்கும் நிர்வாகக் குழு ஒன்று உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். மினிட் புஸ்தகம் எழுதவும், தீர்மானம் நிறைவேற்றவும், தணிக்கைக்குப் பதில் சொல்லவும் பழகிய சங்க அங்கத்தினர்களுக்கு அக்குழுவின் காரியம் கடினமாகாது. குழுவின் அங்கத்தினர் பள்ளிக்குச் சென்றால், உபாத்தியாயர் நடத்தும் வகுப்பைப் பாராமல், அவர் நடத்தாத வகுப்பைக் கால்மணி நேரம் பார்க்கட்டும். அப்பிள்ளைகளின் கையில் வேலை இருக்கிறதா, முடித்த வேலையை எவரேனும் திருத்துகிறார்களா, பிறகு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிகிறதா என்ற மூன்றைக் கவனித்தால் போதும். இருவரில் ஒருவர் எத்தனை நாள் வேறு வேலைக்கு அழைக்கப்பட்டார் என்பதைக் குறித்துவைத்து, மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும்.

செலவு அதிகமில்லை. பிள்ளைகள் எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வர்ணம், அட்டை வைக்கப் பூட்டில்லாத ஓர் அலமாரி, கிழிந்த அட்டைகளை மறுபடி எழுதுவதற்குக் காகிதம், தரைக்குப் பாய் என்பவையே வேண்டுவன. உபவிதிகள் இடங்கொடுக்கும் சங்கங்கள் பொது நன்மைக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து இவற்றுக்குத் தீர்மானம் செய்யலாம். ஜூனில் பள்ளி திறக்குமுன், மே மாதக் கூட்டத்திலேயே அதைப் பேசி முடித்துவிட்டால் அட்டைகளை எண்ணிச் சரிபார்க்க உபாத்தியாயருக்கு அவகாசம் இருக்கும்.