மார்க்குக்கு முன்னால் ஒரு கேள்வி



கொடைக்கானலில் 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் தமிழகமெங்கும் கல்லூரிகளைப் பூட்டினார்கள். அங்கே படித்த விடுதிப் பிள்ளைகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

வகுப்பு செல்போனுக்குள் வந்தது. மலைக்கிராமங்களில் சிக்னல் தேடி மேடேற வேண்டும். பக்கத்தில் தோழிகள் இல்லை. தேர்வு எப்போது என்று தெரியாது. வீட்டில் வருமானமும் இல்லை. தூக்கம் கெட்டது, சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

"எந்நேரமும் போன்தானா?" என்று அதட்டிய வீட்டில் பிள்ளை இன்னும் வாயை மூடிக்கொண்டது. மலைப்பூண்டை உரித்தபடியே, "என்னம்மா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்ட வீட்டில் பேச்சு பிறந்தது. புத்திமதி பிறகு, காதுகொடுத்தாலே பாதி பாரம் இறங்கும்.

இன்றும் பிள்ளையின் வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் மனநல உதவிச் சேவையின் எண் 14416. இரவுபகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்று மாலை பிள்ளை வீடு திரும்பினால், மார்க்கைக் கேட்கும் முன், "நல்லா இருக்கியா கண்ணு?" என்று கேளுங்கள்.