கேரட் கேக்கின் பக்குவம்

நூறு கிராம் கேரட்டில் ஏறக்குறைய 88 கிராம் தண்ணீர். சர்க்கரை ஐந்து கிராம் அளவுக்குத்தான் இருக்கும். கேரட் கேக் மறுநாளே வறண்டு போகாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் இந்தத் தண்ணீர். மாவுக்குள் பரவிக் கிடக்கும் துருவல் ஓவன் சூட்டில் மெல்ல நீரை விடுகிறது; வெந்த பிறகும் கொஞ்சம் ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இனிப்புக்கு அது தருவது சொற்பம், மணத்துக்குத் தருவது அதைவிடச் சொற்பம். ஆகவே இந்தக் கேக்கின் வாசனையையும் சுவையையும் தாங்க வேண்டியவை பட்டை, ஜாதிக்காய், சுக்கு, கொட்டைப் பருப்புகள். வீட்டில் செய்த கேரட் கேக் சப்பென்று இருந்தால், பெரும்பாலும் குறை இந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதன் வரலாறு ஐரோப்பாவைச் சேர்ந்தது. பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் அந்துவான் போவில்லியே 1814-இல் வெளியிட்ட நூலில் கேரட் கேக் செய்முறை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில் பிரிட்டனில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. தட்டுப்பாடு இல்லாமல் கிடைத்த கேரட்டை இனிப்புகளிலும் சேர்க்கும்படி உணவு அமைச்சகமே இல்லத்தரசிகளிடம் எடுத்துச் சொன்னது. மேலே கிரீம் சீஸ் பூசும் இன்றைய வடிவம் 1960களில் அமெரிக்காவில் பரவியது.

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்துக் கேரட் கேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மாநிலத்துக்கே கேரட் நாடு என்று ஒரு செல்லப் பெயர். அதன் தலைநகரான ஆராவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து முதல் புதன்கிழமையில் கேரட் சந்தை கூடுகிறது. அங்கே செய்யும் ரூஎப்ளி தோர்த்தே என்ற கேக்கின் செய்முறை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த மாநிலத்து மனையியல் பள்ளி ஒன்றிலிருந்து கிடைத்தது. அதில் வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை. மைதாவும் பெயரளவுக்குத்தான். துருவிய கேரட்டுக்குச் சமமான எடையில் பொடித்த பாதாமோ ஹேசல்நட்டோ சேர்கிறது. கொழுப்பில் பெரும்பகுதி அந்தப் பருப்பிலிருந்தே வருகிறது. மஞ்சள் கருவைச் சர்க்கரையுடன் அடித்து, வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கலப்பதால் கேக் உப்புகிறது. எலுமிச்சைத் தோல் துருவலும் கொஞ்சம் பட்டையும்தான் வாசனை. பருப்பை அலங்காரமாக அல்லாமல் கேக்கின் உடம்பாகவே வைத்த செய்முறை இது. கேரட்டும் கொட்டைப் பருப்பும் எவ்வளவு பொருந்தும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் பண்டம் வேறில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகச் செய்யப்படுவது எண்ணெய் ஊற்றிச் செய்யும் வகை. அதற்கு ஊட்டி கேரட் ஏற்றது. குளிர்காலத்தில் வரும் சிவந்த டெல்லி கேரட்டில் சாறு அதிகம் என்பதால், அல்வாவுக்குத்தான் அது பொருத்தம். கேரட்டை நடுத்தரத் துளையில், முடிந்தவரை மெல்லியதாகத் துருவ வேண்டும். தடித்த துருவல் வேகாமல் நார் நாராக நிற்கும். மிக்ஸியில் அரைத்தாலோ கூழாகி, கேக் களிபோல் ஆகிவிடும். துருவியதைப் பிழிந்து நீரை எடுத்துவிடலாமா என்று கேக் வகுப்புகளில் அடிக்கடி கேட்கிறார்கள். பிழியக் கூடாது, அந்த நீருக்காகத்தான் கேரட்டே சேர்க்கப்படுகிறது. துருவலைச் சர்க்கரையோடு கலந்து நெடுநேரம் வைப்பதும் தவறு. சர்க்கரை சாற்றை இழுத்துவிடும், மாவு தளர்ந்துபோகும்.

கொட்டைப் பருப்புகளில் வால்நட்டுக்கு முதலிடம். அதன் மெல்லிய தோலில் உள்ள துவர்ப்பு, சர்க்கரையின் இனிப்பைத் திகட்டாமல் காக்கிறது. ஆனால் வால்நட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் கெட்டுக் காறல் வாடை அடிக்கும். வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைப்பதும், சேர்ப்பதற்கு முன் ஒன்றை வாயில் போட்டுப் பார்ப்பதும் நல்லது. வால்நட்டின் விலை கட்டுப்படியாகாத வீட்டில் பண்ருட்டி முந்திரி போதும். முந்திரி ஈரத்தில் நெகிழ்ந்துவிடும் என்பதால், அதை இரண்டாக உடைத்து, பொன்னிறம் தாண்டும் வரை வறுத்துச் சேர்க்க வேண்டும். எந்தப் பருப்பானாலும் வறுக்காமல் போடுவது பாதிச் சுவையை வீணாக்குவதுதான். கேக்குக்குள் இருக்கும் பருப்பு ஈரத்தில் வேகிறதே தவிர வறுபடுவதில்லை. இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்து, ஆறிய பின்பே மாவில் சேர்க்க வேண்டும்.

இனி வாசனைப் பொருள்கள். இந்த உரையின் நேரத்தில் பெரும்பகுதியைக் கேட்கும் தகுதி இவற்றுக்கு உண்டு.

கடைகளில் பட்டை என்று கிடைப்பதில் இரண்டு வகை. தடித்து, ஒரே சுருளாக, கையால் ஒடிக்க முடியாமல் இருப்பது காசியா. அதன் மணம் உறைப்பானது, முந்திக்கொண்டு நிற்கும். இலங்கைக் கறுவா அப்படியல்ல. மெல்லிய பட்டைகள் அடுக்கடுக்காகச் சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். அதன் மணத்தில் இனிப்பும் லேசான பழவாசனையும் உண்டு. பிரியாணிக்கு முதல் வகை நிற்கும், கேக்குக்கு இரண்டாவதுதான் அழகு. அளவு மீறினால் உடம்புக்கு ஆகாத கூமரின் என்ற பொருள் காசியாவில் கூடுதலாக இருப்பதால், அடிக்கடி இனிப்பு செய்யும் வீடுகளுக்கும் கறுவாவே நல்ல தேர்வு.

ஜாதிக்காயைத் தமிழ் வீடுகள் குழந்தைக்கு உரைமருந்து உரைக்கும் கல்லிலேயே அறிந்திருக்கின்றன. இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் பிறந்த மரம் அது. அதற்காகவே டச்சுக்காரர்கள் 1621-இல் அந்தத் தீவுகளைப் படையெடுத்துப் பிடித்தார்கள். பொடியாக வாங்கினால் மணம் சில வாரங்களில் மங்கிவிடும். முழுக் காயை வாங்கி, வேண்டும்போது மெல்லிய துருவியில் நாலு இழுப்பு இழுத்தால், கேக் முழுவதற்கும் போதும். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் கசக்கும். அளவு மீறிய ஜாதிக்காய் உடம்புக்கும் ஆகாது. சுக்கு, இஞ்சியைவிடக் காரமானது. காயும்போது இஞ்சியின் ஜிஞ்சரால் என்ற பொருள், காரம் மிகுந்த ஷோகாலாக மாறுகிறது. அந்தக் காரம் நாக்கில் படாமல் தொண்டையில் மெல்ல இறங்கும்போதுதான் கேக்குக்கு நிறைவு வருகிறது. கிராம்பு இரண்டு போதும். மூன்றாவது சேர்ந்தால் மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும்.

இவற்றின் மணப்பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரைகின்றன. தாளிப்பின் தத்துவமே இதுதான், கேக்குக்கும் அது பொருந்தும். அளந்து வைத்த எண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, பொடிகளைப் போட்டுக் கலக்கி, ஆறும் வரை மூடி வைக்க வேண்டும். மாவோடு வெறுமனே சலித்துச் சேர்த்த பொடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேக் வேகும்போதே வீடு முழுவதும் உணரலாம். எண்ணெய் கொதிக்கக் கூடாது, கொதித்தால் பொடி கருகும்.

எட்டு அங்குல வட்டத் தட்டுக்கு நேயர்கள் குறித்துக்கொள்ள ஓர் அளவு: மைதா 180 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 150 மில்லி, முட்டை மூன்று, துருவிய கேரட் 200 கிராம், உடைத்த பருப்பு 75 கிராம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரை, உப்பு ஒரு சிட்டிகை. பட்டைப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி அரை, ஜாதிக்காய் கால், கிராம்பு இரண்டைப் பொடித்தது. எண்ணெய் வாசனையற்ற சூரியகாந்தி எண்ணெயாக இருக்கட்டும். வெண்ணெய் ஃப்ரிட்ஜில் இறுகும், தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். சூரியகாந்தி எண்ணெய் இறுகாததால் கேக் மறுநாளும் மிருதுவாக இருக்கும். நாட்டுச் சர்க்கரையின் லேசான புளிப்பு சோடாவோடு சேர்ந்து கேக்கை எழுப்புகிறது. சோடா கூடினால் சோப்பு வாடை வரும்.

முட்டையையும் சர்க்கரையையும் நன்கு அடித்து, வாசனை ஏறிய எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். சலித்த மாவைச் சேர்த்த பிறகு அடிக்கக் கூடாது, கரண்டியால் புரட்டினால் போதும். அடித்தால் மாவில் பசைத்தன்மை கூடி, கேக் ரப்பராகும். கேரட்டும் பருப்பும் கடைசியில். 170 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம். குக்கரில் செய்பவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, சிறுதீயில் ஏறக்குறைய அதே நேரம் வைக்கலாம். குச்சியால் குத்திப் பார்த்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டினால் சரியான பதம்.

பத்து நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்ற வேண்டும். கிரீம் சீஸ் பூசுவதானால் கேக் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகி வழியும். பூசாமல் விட்டாலும் குறையில்லை. செய்த அன்றே வெட்டாமல் காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரவு வைத்தால், ஈரம் சமமாகப் பரவி, வாசனைகள் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். வெயில் காலத்தில் இரண்டாம் நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். கிரீம் சீஸ் பூசியது முதல் நாளிலிருந்தே ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பரிமாறுவதற்கு அரைமணி முன்பு எடுத்து வெளியே வைத்தால் போதும்.