தட்டான் பறக்கும் ஐப்பசி

(பங்கின் விழாவையொட்டி நடந்த குடும்பங்களின் கூட்டத்தில், அம்பகரத்தூர்த் தம்பதியர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



"சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாழ்வை எப்படி அனுபவிப்பது என்று நீங்கள் பேச வேண்டும்" என்று விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் பேச்சாளர்கள் அல்லர். எங்கள் வீட்டிலும் காலையில் சீருடையின் ஒரு பொத்தான் காணாமல் போகிறது. மாலையில் வீட்டுப்பாடத்திற்காகச் சத்தம் எழுகிறது. ஆகவே உபதேசம் செய்ய எங்களுக்குத் தகுதி இல்லை. எங்கள் வாழ்வில் நடந்த ஒரே ஒரு ஐப்பசி மாதத்தைப் பற்றிச் சொல்கிறோம். இதை இருவரும் சேர்ந்து எழுதினோம்; அதனால் யார் வாசித்தாலும் 'நாங்கள்' என்றுதான் வரும். ஒருவர் பேச மற்றவர் குறுக்கிட்டுத் திருத்திக்கொண்டிருந்தால், மதியச் சாப்பாட்டிற்கு நீங்கள் போக முடியாது!

அன்பார்ந்தவர்களே, மேல்நாட்டு நாட்காட்டிகளில் அக்டோபர் மாதப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மரமெல்லாம் சிவந்து, இலைகள் தரையில் உதிர்ந்து கிடக்கும். நம் ஊரில் அப்படி இலை சிவப்பதில்லை. ஆனால் நமக்கும் அந்தப் பருவம் உண்டு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்றும் பெயர் வைத்தார்கள். கடைமடையில் வாழும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் நிறைந்து ஓடும். சம்பாப் பயிர் பச்சை பிடித்து நிற்கும். அடைமழை பிடித்தால் அந்தப் பயிர் மூழ்கிவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மழை சற்று ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் வரப்பின் மேல் தட்டான் கூட்டம் வந்துவிடும். அது பெரியவர்கள் கண்ணில் படாது. குழந்தைகள் கண்ணில்தான் படும்.

எங்களில் ஒருவர் எட்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் மின்வேலை செய்தவர். நம் அண்டைவீட்டு முஸ்லிம் சகோதரர்கள் அதைச் 'சபுர்' என்பார்கள். நாம் 'பயணம்' என்போம். பெயர் எதுவானாலும், வீட்டில் ஒரு தட்டுக் குறைவாகத்தான் சோறு பரிமாறப்படும். தங்கையின் திருமணக் கடன், பிறகு வீட்டுக் கடன். ஆண்டிற்கு முப்பது நாள் விடுப்பு. அதைக் கிறிஸ்துமஸுக்கு எடுப்போம். அல்லது கல்யாணங்கள் வருகிற மே மாதத்தில் எடுப்போம். எட்டு ஆண்டுகளில் ஓர் ஐப்பசியைக்கூட நாங்கள் ஒன்றாகப் பார்த்ததில்லை.

ஓர் ஆண்டு, வேலையிடத்தில் மாற்றாள் கிடைத்தது அக்டோபரில்தான் என்பதால் அப்போதே வர நேர்ந்தது. "இந்த மழையில் வந்து என்ன செய்வது? ஒரு கல்யாணம் கிடையாது, திருவிழா கிடையாது" என்று இருவருமே அலுத்துக்கொண்டோம். மகளுக்கு அப்போது வயது ஒன்பது, மகனுக்கு நான்கு. திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய அன்று, மகன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "யாருடா கண்ணு இது?" என்று அப்பாயி கேட்டார்கள். "போன் அப்பா" என்றான். எல்லோரும் சிரித்தோம். அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த முப்பது நாளில் பெரிய காரியம் எதுவும் நடக்கவில்லை. நடந்தவற்றைச் சொல்கிறோம்.

இரவில் மழை வலுத்தால், மாவட்ட ஆட்சியர் நாளைக்குப் பள்ளி விடுமுறை அறிவிப்பாரா என்று இரண்டு பிள்ளைகளும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து அப்பாவும் அவர்களோடு உட்கார்ந்து காத்திருந்தார். விடுமுறை வந்துவிட்டால் மூவரும் குதித்த குதியில் அப்பாயி விழித்துக்கொள்வார்கள். தண்ணீர் வடியும் மடையில் பழைய துண்டை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்தார்கள். பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டார்கள். விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்த இரவில், விளக்கை அணைத்துவிட்டு வறுத்த கடலையைத் தின்றுகொண்டு இருட்டிலேயே கதை பேசினோம். ஜெபமாலை மாதமாதலால் மாலையில் எல்லோரும் முழந்தாளிடுவோம். மூன்றாம் மறையுண்மைக்குள் மகன் தூங்கிவிடுவான். முதலில் அம்மாவின் மடியில் தூங்கினான். இரண்டாவது வாரம் அப்பாவின் மடியில் தூங்கினான். அன்று ஜெபமாலை முடிந்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் முதல் தேதி, 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியதை நினைத்து நம் மாநிலம் கொண்டாடும் விடுதலை நாள். அதுவே சகல புனிதர்கள் திருநாளும். மறுநாள் கல்லறைத் திருநாள். தாத்தாவின் கல்லறையில் புல் பிடுங்கி, மெழுகுவர்த்தி ஏற்றினால் தூறலில் அணைந்து அணைந்து போயிற்று. மகள் வீட்டிற்கு ஓடி ஒரு கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து காற்றுப் பக்கம் சாய்த்து வைத்தாள். அது எரிந்தது. "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று அப்பா கேட்டார். "போன வருஷம் நானேதான் கண்டுபிடிச்சேன். உங்களுக்குப் போன்ல சொன்னேனே" என்றாள். சொல்லியிருப்பாள். நாங்கள்தான் மதிப்பெண்ணையும் அனுப்பிய பணத்தையும் பற்றிப் பேசிவிட்டுத் தொடர்பைத் துண்டித்திருப்போம்.

இனித் தட்டானுக்கு வருகிறோம். ஒருநாள் மகன் ஒரு தட்டானைப் பிடித்து அதன் வாலில் நூல் கட்டிக்கொண்டு வந்தான். நாம் எல்லோரும் சிறுவயதில் செய்த குறும்புதான். அக்காள் திட்டினாள், அவன் அழுதான். அப்பா நூலை அவிழ்த்து, மஞ்சளும் பழுப்பும் கலந்த அந்தச் சிறு பூச்சியை அவன் உள்ளங்கையில் வைத்தார். அது ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு எழும்பிப் போய்விட்டது. "எங்கேப்பா போகுது?" என்றான். எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் பிறகு தேடிப் படித்தோம்.

படித்தபோது வியந்துபோனோம். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர், அக்டோபர் மாதந்தோறும் அத்தீவுகளில் தட்டான்கள் திரளாக வந்து இறங்குவதைப் பல ஆண்டுகள் குறித்து வைத்து, 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்தத் தீவுகளில் தட்டான் முட்டையிட்டுப் பெருகும் அளவுக்கு நன்னீர்க் குளங்கள் இல்லை. ஆகவே அவை வெளியிலிருந்துதான் வருகின்றன. இந்தியாவிலிருந்து புறப்பட்டு, வடகிழக்குப் பருவக்காற்றின் துணையோடு கடல் தாண்டி, மாலத்தீவில் இளைப்பாறி, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்பது அவர் முடிவு. நம் சுண்டுவிரல் நீளமுள்ள பூச்சி பெருங்கடலைத் தாண்டுகிறது! மழைநீர்க் குட்டையில் முட்டையிட்டால், ஆறேழு வாரங்களுக்குள் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். மழையைத் தொடர்ந்து போய்ப் போய், மறு ஆண்டு இந்தப் பக்கம் திரும்புகின்றன. ஆனால் புறப்பட்ட தட்டான் திரும்புவதில்லை. அதன் பேரனோ கொள்ளுப்பேரனோதான் திரும்பி வருகிறது.

இதைப் படித்து முடித்துவிட்டு நாங்கள் இருவரும் நீண்ட நேரம் பேசாமல் இருந்தோம்.

காரைக்கால் மண் கடல் தாண்டிப் போனவர்களின் மண். 19-ஆம் நூற்றாண்டில் நம் துறைமுகத்திலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். பிறகு பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனுக்குப் பட்டாளத்திற்கும் உத்தியோகத்திற்கும் போனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். அதன் பின் வளைகுடா. போனவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனையோ வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள். நாங்களும் அந்தச் சோற்றைத் தின்றவர்களே. நம் பழைய இலக்கியத்தில் முல்லைத் திணை என்று ஒன்று உண்டு. பொருளுக்கோ போருக்கோ பிரிந்து போன தலைவன் கார்காலத்தில் திரும்பி வருவான் என்று தலைவி காத்திருப்பது அது. அந்தக் காலத்திலேயே மழையை வீடு திரும்பும் காலமாக வைத்தார்கள். நாங்களோ மழை என்றால் விடுப்பு வீண் என்று எண்ணியிருந்தோம்!

முப்பது நாளும் முடிந்தன. "போகாதேப்பா" என்று மகன் சொல்லவில்லை. "தட்டான் மறுபடி எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டான். "அடுத்த ஐப்பசிக்கு" என்றோம். "நீயும் அப்பவே வா" என்றான்.

வர முடியவில்லை. கடன் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அவன் ஐந்து வயதில் பார்த்த ஐப்பசி எங்களில் ஒருவருக்குக் கிடைக்கவே இல்லை. கடன் முடிந்த மாதமே கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். மூன்றாவது ஐப்பசியில் மழை வெறித்து வரப்பின்மேல் தட்டான் வந்தபோது, அப்பா ஓடிப்போய் மகனைக் கூப்பிட்டார். அவனுக்கு ஆறு வயது. "அதெல்லாம் சின்னப் பசங்க பிடிப்பாங்கப்பா" என்று சொல்லிவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். அப்பா மட்டும் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

இதைச் சொல்லத்தான் நாங்கள் வந்தோம். நாம் பிள்ளைகளுக்காகச் சேர்க்கிறோம். சேர்த்து முடித்ததும் அவர்களோடு இருக்கலாம் என்று நினைக்கிறோம். நாம் எண்ணி வைத்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளை அதற்குள் அங்கே இருப்பதில்லை. வேறொரு பிள்ளை இருக்கிறான், அவனும் நல்லவன்தான். ஆனால் அந்த நான்கு வயதுப் பிள்ளையோடு எங்களுக்கு வாய்த்தது முப்பது நாள். அதுவும் நாங்கள் வேண்டாம் என்று அலுத்துக்கொண்ட முப்பது நாள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம்.

திரும்பி வந்ததால் எங்களுக்குக் குறை இல்லையா என்றால், உண்டு. வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. மாடிச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. எல்லோரும் எங்களைப் போல் திரும்பிவிடுங்கள் என்று சொல்ல மாட்டோம். ஒவ்வொரு வீட்டுக் கணக்கும் வேறு. ஆனால் மூன்று சிறு காரியங்களை யாரும் செய்யலாம். தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்கும் முன், "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள், திருவிழாவும் கல்யாணமும் இல்லாத மாதத்தில் ஒருமுறை வந்து பாருங்கள். அப்போதுதான் வீடு உங்களுடையதாக இருக்கும். ஊரிலேயே இருப்பவர்களும் தப்பிக்க முடியாது. கடையிலும் வயலிலும் அலுவலகத்திலும் இருந்துகொண்டே 'போன் அப்பா', 'போன் அம்மா' ஆகிவிடலாம். மழை விடுமுறை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். அரைமணி நேரம் அவர்களோடு மடைக்குப் போங்கள்.

எங்கள் மகள் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐப்பசியில் பார்த்தவற்றை எழுதி வைக்கிறாள். முதல் தட்டான் வந்த தேதி, முதல் ஈசல், வாய்க்கால் நிரம்பிய நாள். சென்ற ஆண்டு அதன் கடைசிப் பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. எழுத்துப் பிழையோடு, தம்பி எழுதியது: "இன்னைக்கு அப்பா மழைல நனஞ்சாங்க." அதைவிடப் பெரிய சான்றிதழ் எங்களிடம் இல்லை.