துறைமுகமும் இடைகழியும்



அரசாங்க ஏடுகளைத் தமிழாக்குவது நமது தொழில். துறைமுகம், இருப்புப்பாதை, விமான நிலையம், நெடுஞ்சாலை ஆகியவற்றை இணைத்துச் சரக்கைக் கொண்டுசெல்லும் வழிக்கு ஆங்கிலத்தில் வீட்டு இடைகழியின் பெயரையே இட்டிருக்கின்றனர். நாம் அதனை ‘வழித்தடம்’ என்று எழுதுகிறோம். ஆயினும் இடைகழி என்பதே பொருளை நன்கு விளக்குகிறது. அறைகளை இணைப்பதே அதன் பயன். ஓரிடத்தில் அடைபட்டால் வீடு முழுவதும் இடர்ப்படும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் அத்தகைய வழியொன்று உருவாகி வருகிறது. அருகிலுள்ள விழிஞம் துறைமுகம் இயற்கையிலேயே ஆழமானது. பன்னாட்டுக் கப்பல் தடம் அங்கிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவே. 2024 டிசம்பரில் அங்கு வாணிபப் பணி தொடங்கிற்று. ஆனால் அன்று இருப்புப்பாதை இணைப்பு இல்லை. வந்திறங்கிய பெட்டிகளிற் பெரும்பாலானவை வேறு கப்பலேறியே அகன்றன.

துறைமுகத்தைப் பாலராமபுரத்தோடு இணைக்கத் திட்டமிட்ட பாதையின் நீளம் 10.7 கிலோமீட்டர். மேலே வீடுகள் நெருங்கியிருப்பதால், அதில் சுமார் 9 கிலோமீட்டர் சுரங்கமாக வகுக்கப்பட்டது. பாலராமபுரத்தை அடைந்துவிட்டால், 1979-இல் திறக்கப்பட்ட நாகர்கோவில் இருப்புப்பாதை நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே தமிழ்நாட்டிற்குள் இட்டுச் செல்லும். கழக்கூட்டத்தினின்று வரும் புறவழிச்சாலையும் விமான நிலையப் பகுதியையும் விழிஞத்தையும் அடுத்துச் சென்று, எல்லையிலுள்ள காரோட்டை எட்டுகிறது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததேயன்றிச் சந்தை பிரியவில்லை. வாழைக்குலை ஏற்றிய லாரிகள் சோதனைச் சாவடிகளில் காத்து நின்றன. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் எடுபட்டன.

பழைய பாடமொன்றும் இங்கு உண்டு. திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியால் இணைக்க 1860-இல் திருவிதாங்கூர் அரசு அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயைத் தொடங்கிற்று. பூவாற்றுக்குத் தெற்கே ஒரு பகுதி வெட்டப்பட்டது. குமரிவரை அது எட்டவில்லை.

2021 அக்டோபரில் தொடங்கிய கதிசக்தித் திட்டம் பல துறைகளின் பணிகளையும் ஒரே வரைபடத்தில் வைக்கிறது. நன்று. அவ்வரைபடத்தில் எல்லைக் கிராமங்களுக்கும் இடம் வேண்டும். நிலம் கொடுத்த உழவனின் குலை இவ்வழியில் ஏற ஓர் ஏற்றுமிடமும், அது கெடாதிருக்கக் குளிர்பதனக் கிடங்கும், பள்ளிப் பிள்ளைகள் அச்சமின்றிச் சாலையைக் கடக்க வழியும் தொடக்கத்திலேயே குறிக்கப்படுதல் வேண்டும். சாலை முடிந்தபின் கேட்பது கடினம். திட்டம் தாளில் இருக்கும்பொழுதே நாம் கேட்போமாக.