பந்தியில் இடம் கிடைக்காத ஈயம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

ஈப்போப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சாலையோரத்தில் ஈயக் குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். உலகத்திலேயே மிக வளமான ஈய நிலங்களில் ஒன்று அந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கு. நம் வீட்டு ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பும் அதே உலோகந்தான். அந்த ஈயம் மண்ணுக்குள் எப்படி வந்தது? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதை தித்திவங்சா மலையில் தொடங்குகிறது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு பெரிய நிலப்பகுதிகள் முட்டிக்கொண்டன. நடுவிலிருந்த கடல் மூடிப்போயிற்று. பூமியின் ஆழத்தில் பழைய பாறைகளும் கடற்சேறும் உருகிப் பாகாயின. அந்தப் பாகு மெல்ல ஆறி இறுகியதுதான் நம் கருங்கல் மலை. மலையை வெட்டிய இடங்களில் உற்றுப் பாருங்கள். விரல் நீளத்துக்கு வெள்ளைப் பரல்கள் பதிந்திருக்கும். அவசரமில்லாமல் ஆறியதன் அடையாளம் அது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு ஆறும்போது ஒவ்வொரு பரலும் தனக்கு வேண்டிய அணுக்களை அழைத்து உட்கார வைக்கிறது. ஈயத்துக்கு மட்டும் எந்த இலையிலும் இடமில்லை. அதன் அளவு பொருந்தவில்லை. பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 2 பங்குதான் ஈயம். அதையும் ஒதுக்கிவிட்டால் அது எங்கே போகும்? மீதியிருக்கும் பாகிலேயே நிற்கிறது. பாகு குறையக் குறைய ஈயம் செறிகிறது. கடைசியில் சூடான நீரோடு பாறை வெடிப்புகளில் ஏறி, வெண்கல் நரம்புகளில் ஈயக்கல்லாகப் படிகிறது.

பிறகு மழை மலையைக் கரைத்தது. மணல் தண்ணீரைப்போல் மூன்று மடங்குகூடக் கனமில்லை. ஈயக்கல்லோ ஏறத்தாழ 7 மடங்கு கனம். ஆறு மணலை அடித்துக்கொண்டு போக, ஈயக்கல் பள்ளங்களில் தங்கிவிட்டது. துலாங் தட்டைச் சுழற்றிய பெண்கள் ஈயத்தைப் பிரித்ததும் இதே கணக்கில்தான்.

ஆனால் எல்லாப் பாகிலும் ஈயம் திரளாது. பாகில் பிராணவாயு மிகுந்தால் ஈயம் முந்திய பரல்களிலேயே சிதறிப்போகும். அப்படிப்பட்ட பாகில் செம்பு திரளலாம். சபாவில் கினபாலு மலைப் பக்கம் மாமுட்டில் 1975 முதல் 1999 வரை செம்பு எடுத்தார்கள். அதுவும் கருங்கல் இனத்துப் பாறைதான். பெரிய பரல்கள் முதலில் வளர, மீதி சட்டென்று இறுகிய கல். பாறையின் இனம் ஒன்று, பாகு வேறு, விளைச்சலும் வேறு.

1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. 1938இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் இன்று காட்சிப்பொருள். மண்ணிலிருந்து எடுக்கும் செல்வம் ஒருநாள் தீரும். படிப்பு அப்படித் தீராது.

பெற்றோர்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளைகளை மனமார வாழ்த்துவோம். வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைப் பார்த்து, “உனக்குப் படிப்பு வராது, வேலைக்குப் போ” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் பந்தியில் இடம் கிடைக்காததுதான் கடைசியில் செல்வமாகத் திரண்டது. ஆனால் அதற்கேற்ற பாகு வேண்டும், பொறுமையும் வேண்டும். அந்தப் பாகு வீடும் பள்ளியுந்தான். இரவில் விளக்கடியில் பிள்ளையின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.